ஸ்க்ரோல் சா வேலைக்கு ஸ்டெயின்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு

ஐ.டி.ஐ-யில் கார்பென்டர் பிரிவு படித்தபோது, செய்முறை மதிப்பீட்டுக்காக ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடால் வளைவுகளை அறுக்கும் ரம்பம்) ஒரு அடி சதுரத்தில் கொடிப்பின்னல் பலகை ஒன்று அறுத்தேன். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டு வாசலுக்கு மேலே பார்த்த வடிவம் அது. பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகைதான். நாற்பதுக்கும் மேல் துளைகள், பிளேடு ஒரு இடத்திலும் தடம் மாறவில்லை. அறுப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஸ்டெயினில், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் பூச்சில்தான் போனது. துளைகளின் ஓரம் சில இடத்தில் கரிக்கட்டை மாதிரி, சில இடத்தில் நிறமே ஏறாத வெறும் மரமாக, மூலைகளில் வழிந்து காய்ந்த கோடுகள்.

மண்டபத்தில் வல்லம் கட்டும் வேலைக்குப் போகிற சித்தப்பாவிடம் பலகையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேல் முகத்தை யாரும் துடைச்சிருவாங்கப்பா. ஓட்டைக்குள்ள என்ன செஞ்ச?” என்றார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது முழுவதும்.

மரத்தை ஒரு கோரைக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்த கட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடும். நுனியை வெட்டி நிமிர்த்தி ஊற்றினால் குழலுக்குள் இறங்கிவிடும். வளைவாக அறுக்கும்போது ஒரே துளைக்குள் நார் நீளவாக்கில் போகும் இடமும் வரும், குறுக்கே அறுபட்டு வாய் திறந்த இடமும் வரும். திறந்த இடம் ஸ்டெயினை உறிஞ்சிக் கறுக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “இங்கே மட்டும் ஏன் கறுப்பு?” என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். நான் “ஸ்டெயின் கூடிப்போச்சு சார்” என்று சொல்லி நின்றேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பசை. வடிவம் வரைந்த காகிதத்தை நேராக மரத்தில் ஒட்டாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் காகிதத்தை ஒட்டினால் அறுத்தபின் இரண்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பசை ஊறிய இடத்தில் ஸ்டெயின் பிடிக்காது, என் பலகையின் வெளுத்த திட்டுகள் அதனால் வந்தவை.

அடுத்தது தேய்ப்பு. மேல் முகத்துக்கு 220 எண் உப்புத்தாள் போதும் (எண் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும்). துளைக்குள் நார் குறுக்கே அறுபட்ட இடங்களை 320 வரை கொண்டுபோக வேண்டும். மழமழப்பாகத் தேய்த்த இடம் குறைவாகத்தான் குடிக்கும். ஐஸ் குச்சியில் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டால் குறுகிய வளைவுக்குள்ளும் போகும். நாற்பது துளைக்கு எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. அந்த நேரத்தைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தூளை ஊத சைக்கிள் பம்ப் அருமையான கருவி.

பைன் மாதிரி திட்டுத்திட்டாகக் குடிக்கும் மரத்துக்கு அரக்குப் பூச்சு ஒன்று முன்னால் போக வேண்டும். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் அவலரக்கு (அவல் மாதிரி செதிலாக இருக்கும் அரக்கு), அவ்வளவு நீர்த்தால் போதும். கெட்டியாகிவிட்டால் ஸ்டெயின் உள்ளே இறங்காது. காய்ந்தபின் 320-ஆல் லேசாக ஒரு தடவல். இதன் மேல் ஸ்பிரிட் ஸ்டெயின் போடாதீர்கள், அரக்கைக் கரைத்துவிடும். எண்ணெய் ஸ்டெயினோ தண்ணீர் ஸ்டெயினோ போடலாம். தண்ணீர் ஸ்டெயின் என்றால் மரத்தின் நார் எழும்பும். அதனால் அரக்குக்கும் முன்னால், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவைத்து, எழுந்த நாரைத் தேய்த்துவிட வேண்டும்.

இரண்டாவது பலகைக்கு நான் பிரஷைத் தொடவில்லை. அலுமினியத் தட்டில் விரல் உயரத்துக்கு எண்ணெய் ஸ்டெயின் ஊற்றி (அடியில் நிறம் தங்கும், நன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள்) பலகையை முக்கி எடுத்து, ஒரு மூலையைக் கீழே சாய்த்து வடியவிட்டேன். பம்பால் துளைகளை ஊதினேன். மேல் முகத்தைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். மூலையில் தேங்கியதை உலர்ந்த சின்ன பிரஷால் ஒற்றி எடுத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் துளைக்குள்ளிருந்து மறுபடி கசிந்திருக்கும். திரும்பத் துடைக்க வேண்டும், அதன் பிறகும் ஒருமுறை. வழிந்த கோடுகள் அந்தக் கசிவால்தான் வருகின்றன. முக்க அளவுக்கு ஸ்டெயின் இல்லையென்றால் முதலில் துளைகளை முடித்துவிட்டு, கடைசியாக மேல் முகத்துக்கு வாருங்கள். எப்படிச் செய்தாலும் அதே பலகையில் அறுத்த துண்டில், துளையோடு, ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

காயும் நேரம்தான் நம் கடற்கரைக்காரர்களை ஏமாற்றும். டப்பாவில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கும். கார்த்திகையில் வாடைக்காற்று ஈரத்தோடு அடிக்கும்போது இரண்டு நாள் ஆனாலும் துளைக்குள் பிசுபிசுப்பு நிற்கும். பஞ்சை உள்ளே அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. அதற்குள் பாலீஷ் ஏற்றினால் நிறம் இழுபடும். ஈரக் காற்றில் அரக்குப் பாலீஷ் வெள்ளையாகப் பூத்தும் போகும். நான் காலை பதினொன்றுக்கு மேல், வெயில் ஏறியபின், கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாலீஷை எடுப்பேன். ஆகவே சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அறுப்பை ஐந்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் துடைத்த துணி, காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும். கசக்கிக் குவித்து வைத்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் மரத்தூள் குவியல் வேறு கிடக்கும். துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள். இன்றைக்கும் வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக் கதவைப் பூட்டுகிறேன்.