ஆறு மாதம், ஏழு தடிமன், ஒரு கடிதம்

மகளை டே கெயாரில் சேர்த்தது போன ஒக்டோபரில். அப்போது அவளுக்கு ஒரு வயதும் பத்து மாதமும். மார்ச் முடிவதற்குள் ஏழு தடவை தடிமன் வந்துவிட்டது. திகதி போட்டு ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருப்பதால்தான் ஏழு என்று உறுதியாகச் சொல்கிறேன். எழுதாமல் விட்டிருந்தால், ஆறு மாதமும் மாறாத ஒரே தடிமன் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். இந்த மாரிக்கு முன் பிள்ளையைச் சேர்க்கப் போகிற அம்மா யாருக்காவது இதனால் ஒரு நாள் லீவு மிஞ்சினாலும் எனக்குச் சந்தோசம்.

சேர்த்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. படிவம், தடுப்பூசி போட்ட பதிவின் பிரதி, இரண்டு படம். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் கை காட்டிவிட்டு உள்ளே போனாள். எட்டாம் நாள் மூக்கு ஓடத் தொடங்கியது.

வீட்டில் இருந்த காலம் முழுக்க அவளுக்குத் தடிமன் வந்தது இரண்டே தரம். அதனால் எல்லாரும் பதறிப்போனோம். மாமி களுவாஞ்சிக்குடியில் இருந்து அந்தச் சனிக்கிழமையே வந்தார். "அத்தனை பேர்ர கண்ணும் படுற இடம் மகள், நாவூறுதான் இது" என்று மிளகாய் சுற்றிப் போட்டு, குளிக்கவார்த்த தலைக்குச் சாம்பிராணிப் புகையும் பிடித்தார். புகைக்குப் பிறகு இருமல் கூடியதை நான் பார்த்தேன். மாமியின் மனம் நோகும் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தடிமன் பிடித்த பிள்ளையின் நெஞ்சுக்கு எந்தப் புகையும் கூடாது. அது சாம்பிராணியாக இருந்தாலும் சரி, நுளம்புத் திரியாக இருந்தாலும் சரி.

பின்னேரம் ஒரு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். மூன்று போத்தல் தந்தார்கள். சிவப்பு மூன்று நேரம், மஞ்சள் இரண்டு நேரம், வெள்ளை காய்ச்சலுக்கு. ஒரு போத்தலிலும் மருந்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "சளிக்குத்தான் தங்கச்சி" என்று பதில் வந்தது. சிவப்பைக் குடித்தால் பிள்ளை நல்ல நித்திரை. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். அது தூக்கம் வரவைக்கிற ஒவ்வாமை மருந்தாக இருந்திருக்கும் என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மூக்கு ஓடுவது பத்து நாளில் நின்றது, இருமல் நிற்கவில்லை. அந்த இருமலோடேயே நவம்பர் தொடக்கத்தில் இரண்டாவது வந்தது. இந்த முறை காய்ச்சலும் சேர்ந்தது. மழை தொடங்கி டெங்குப் பயம் இருந்ததால் மூன்றாம் நாள் ரத்தம் குத்திப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இந்த ஒரு விடயத்தில் நாங்கள் செய்தது சரி. மாரியில் காய்ச்சல் என்றால் பரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்கவும் வேண்டாம். ஐபுபுரூபன் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

அந்த இரண்டாவது தடிமனுக்கு வேறொரு டொக்டரிடம் போய், சளி மஞ்சளாகிவிட்டது என்று சொன்னேன். அன்டிபயோட்டிக் எழுதினார். ஐந்து நாளில் மாறவில்லை என்று இன்னொரு இடத்துக்குப் போனேன், அங்கே அதைவிடக் கூடிய அன்டிபயோட்டிக். பிள்ளைக்கு வயிற்றால் போய், பின்பக்கம் சிவந்து புண்ணாகி, சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். கிளினிக்கில் நிறுத்தபோது 10.4 கிலோவாக இருந்தவள் 9.9. எடைக்கோடு கீழே இறங்குவதைப் பார்த்த மிட்வைஃப் அக்கா என்னை ஏசவில்லை. "தடிமனால இல்ல புள்ள, மருந்தாலதான் மெலிஞ்சிருக்கா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்றாவது தடிமன் நவம்பர் கடைசியில். வெளியே விடாத மழை, இவர் வேலை இடமான அக்கரைப்பற்றிலேயே தங்கிவிட்டார். இரவு ஒரு மணிக்கு மகளின் மூச்சுச் சத்தம் கேட்டு எழும்பினேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவருடைய ஆட்டோவில் கல்லடிப் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மழைத்தாளுக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன அந்தக் கொஞ்சத் தூரத்தை என்னால் மறக்க முடியாது.

உள்ளே எடுத்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து குடுத்தீங்க?" சிவப்பு, வெள்ளை என்று சொன்னேன். டொக்டர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளையில் பரசிட்டமோல் எவ்வளவு என்று தெரியாததால், அடுத்த காய்ச்சல் மருந்தை எப்போது கொடுக்கலாம் என்று அவருக்கும் தெரியவில்லை. பெயர் எழுதாத போத்தலை யார் தந்தாலும் வாங்காதீர்கள். தந்தால், மருந்தின் பெயரையும் அளவையும் அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வைரஸால் வந்த முட்டு, அதாவது மூச்சிழுப்பு என்றார்கள். நெபுலைசர் வைத்து, இரண்டு நாள் வார்டில் வைத்திருந்து விட்டார்கள். போகும் நாளில் சின்ன வயது டொக்டர் ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடம் ஒக்டோபரிலேயே கிடைத்திருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும். தடிமனை உண்டாக்குகிற வைரஸ்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. ஒன்று வந்து போனாலும் அடுத்ததற்கு அது காவல் இல்லை. டே கெயார் போகத் தொடங்கிய பிள்ளைக்கு முதல் வருசத்தில் 8 முதல் 12 தடவை வருவது வழமை. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள், இருமல் மூன்று கிழமை வரைக்கும் இழுக்கும். அப்படியென்றால் மாரி முழுக்க மூக்கு ஓடுவது போலத்தான் இருக்கும். சளி மஞ்சளானாலும் பச்சையானாலும் அது மட்டும் அன்டிபயோட்டிக்குக்குக் காரணம் இல்லை. "உங்கட பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்ல அம்மா, இப்பதான் அது வேலை பழகுது" என்றார். ஒவ்வொரு தடிமனும் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் எழுதச் சொன்னதும் அவர்தான். கொப்பி அன்றைக்குத் தொடங்கியது. முதல் இரண்டையும் ஞாபகப்படுத்தி எழுதினேன்.

மூச்சு எண்ணப் பழக்கினது வார்டு நேர்ஸ் மிஸ். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரைக்கும் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் மூச்சு வேகம், காட்ட வேண்டும். விலாவில் குழி விழுந்தாலும், குடிக்க மறுத்தாலும், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் ஓட வேண்டும். டிசம்பரில் நான்காவது தடிமன் வந்தபோது இரவில் மூன்று தரம் எண்ணினேன். 30, 32, 30. அந்த முறை எந்த டொக்டரிடமும் போகவில்லை. ஒன்பதாம் நாள் மாறியது. அன்றைக்குக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

இனிக் கடிதத்தின் கதை. இதை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது.

ஜனவரி, ஐந்தாவது தடிமன், நான்காம் நாள். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், ஓடி விளையாடுகிறாள், மூக்கு மட்டும் மஞ்சளாக ஓடுகிறது. திங்கட்கிழமை காலை டே கெயார் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாது என்று டொக்டரின் கடிதம் வேண்டுமாம். உள்ளே அதைவிடத் தடித்த சளியோடு இரண்டு பிள்ளைகள் விளையாடுவது எனக்குத் தெரிகிறது. சரி என்று ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு, ஓபிடிக்குப் போனேன். எட்டு மணிக்கு முன் துண்டு எடுத்து, பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். "தடிமனுக்குத் தொற்றாது எண்டு ஆராலயும் எழுதேலாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் பிழையில்லை. பின்னேரம் காசு கொடுத்து இன்னொரு டொக்டரைப் பார்த்தேன். பிள்ளையைத் தொட்டும் பார்க்காமல் இரண்டு வரி எழுதித் தந்தார். செவ்வாய்க்கிழமை கொண்டுபோனால், சீல் இல்லையாம். மறுபடி பின்னேரம் போய்ச் சீல் வாங்கி, புதன்கிழமைதான் உள்ளே விட்டார்கள். அப்போது தடிமன் வந்து ஆறாம் நாள். தடிமன் கூடுதலாகத் தொற்றுவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான், மூக்கு ஓடத் தொடங்க முன்பே தொற்றத் தொடங்கிவிடும். அந்தக் கடிதம் யாரைக் காப்பாற்றியது? ஓபிடி வாங்கில் மூன்றரை மணித்தியாலம் இருமுகிற பிள்ளைகளுக்கு நடுவே இருந்ததில் அடுத்த கிழமையே ஆறாவது வந்து சேர்ந்தது. என்னுடைய லீவும் போனது. வருசத்துக்கு 21 நாள் கசுவல் லீவு, மார்ச் முடியும்போது அதில் 13 இல்லை.

கோபத்தில் பிள்ளையை நிறுத்திவிடத்தான் நினைத்தேன். பிறகு, அதே வாசலில் மறிபட்ட இன்னும் நான்கு அம்மாமாருடன் கதைத்து, ஒரு சனிக்கிழமை சேர்ந்து போய் நடத்துபவரைச் சந்தித்தோம். சண்டை பிடிக்கவில்லை. எப்போது பிள்ளை வரக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். காய்ச்சல் இருந்தால், மருந்து கொடுக்காமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் விட்ட பிறகுதான் வரலாம். முட்டு, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்ணோய் இருந்தால் வரக்கூடாது. சும்மா மூக்கு ஓடினால் வரலாம், கடிதம் தேவையில்லை. அவரும் நல்ல மனுசி. சில தாய்மார் முறைப்பாடு செய்ததால்தான் கடிதம் கேட்டதாகச் சொன்னார். தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகளின் உயரத்துக்குக் குழாய் வைத்த வாளி ஒன்றும் சவர்க்காரமும் வைக்கச் சம்மதித்தார். ஆளுக்கொரு துவாயும் கோப்பையும் நாங்கள் பெயர் தைத்துக் கொடுத்தோம்.

அந்தத் தாளை எழுதிய நானே அதை மீறினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். மார்ச் மாதம், ஏழாவது தடிமன், ஒஃபிசில் கணக்காய்வு. காலையில் உடம்பு சுட்டது. பனடோல் சிரப் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதினொரு மணிக்குக் கோல் வந்தது, போய்ப் பார்த்தால் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நடுக்காதில் தொற்று. அந்த முறை அன்டிபயோட்டிக் உண்மையாகவே தேவைப்பட்டது. அடுத்த கிழமை அதே அறையில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். என் பிள்ளையிடம் இருந்துதானா என்று தெரியாது, ஆனாலும் அவர்களுடைய அம்மாமாரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மருந்து காய்ச்சலைத்தான் நான்கைந்து மணித்தியாலம் இறக்கும், தொற்றை நிறுத்தாது. தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள்.

வீட்டில் உண்மையாக உதவியது கடையில் விற்கிற சேலைன் மூக்குத்துளிதான். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு துளி, ஒரு நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டால் பிள்ளை சாப்பிடும், உறங்கும். கத்துவாள்தான், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மட்டும். பரசிட்டமோலைச் சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். எங்கள் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், அவளுடைய 10.4 கிலோவுக்கு ஆறரை மில்லிலீற்றர். அதுவரை நான் கொடுத்தது ஒரு கரண்டி, அதனால்தான் காய்ச்சல் இறங்கவில்லை. உங்கள் போத்தலில் எத்தனை என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். வேது (ஆவி) பிடிப்பது இந்த வயதுக்கு வேண்டாம், சுடுதண்ணீர் கொட்டுண்டால் பெரிய ஆபத்து. கற்பூரம் சேர்ந்த தைலமும் இரண்டு வயதுக்கு முன் கூடாது. மாமியிடம் இதைச் சொல்ல எனக்கு டிசம்பர் வரை எடுத்தது. சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. சாம்பிராணியைச் சாமி அறையோடு நிறுத்திவிட்டு, கொத்தமல்லி அவித்த தண்ணீரைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். மகளும் அதை விரும்பிக் குடிக்கிறாள்.

ஏப்ரல் முழுக்கக் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. கிளினிக்கில் நிறுத்தபோது 11.1. மே 12-இல் எட்டாவது தடிமன். காய்ச்சல் இல்லை, நித்திரையில் மூச்சு 28. காலையில் மூக்கைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற ரீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "வாங்க செல்லம்" என்று தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எட்டரைக்கு நான் ஒஃபிசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.