மருந்துச் சீட்டு எழுதிய பிறகு

மனச்சோர்வோடு எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வருகிறார்கள். அதனால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கையில் எடுத்தோம். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். எண் கூடக்கூட மனச்சோர்வும் கடுமை. 10-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாக விசாரிப்பார். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும், ஆள் வீட்டுக்குப் போவதற்கு முன் பேசியாக வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது. மருந்து எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க, ஒரு செவிலியரிடம் ஒரு பதிவேட்டை ஒப்படைத்தோம். பெயர், முதல் மதிப்பெண், இப்போதைய மதிப்பெண், அடுத்துப் பேச வேண்டிய தேதி, அவ்வளவுதான். அவர் கெட்டிக்காரர். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கவே மாட்டார், கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அட்டையில் இன்னும் எத்தனை மாத்திரை இருக்கிறதம்மா?" என்பார். ஒரு பெண்மணி சற்றுத் தயங்கிவிட்டு, "முக்கால்வாசி அப்படியே இருக்கிறது சிஸ்டர். குமட்டியது, நிறுத்திவிட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று வரவில்லை" என்றார். இந்த மருந்துகளின் தொல்லையே அதுதான்: குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பொறுத்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை பதிவேட்டைப் பார்க்கிறார், அதுவும் தேறாதவர்களை மட்டும். 18-ல் தொடங்கிய ஒருவர் 2 மாதம் கழித்தும் 16-ல் நின்றால் மருந்தின் அளவையோ சிகிச்சையையோ மாற்றச் சொல்கிறார். எண் கண்ணில் படாத காலத்தில் "சற்றுத் தேவலை" என்று எழுதி, அதே மருந்தைத் தொடர்வதே வழக்கம். இந்த ஏற்பாடு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 60-ம் அதற்கு மேலும் வயதான 1,801 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறிகுறிகள் பாதியாவது குறைந்தவர்கள் இம்முறையில் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம்.

இத்தனைக்கும் நிர்வாகம் இதைச் செவிலியரின் மற்ற வேலைகளுக்கு நடுவே முடித்துக்கொள்ளச் சொல்கிறது. ஊசி போடும் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது தொலைபேசியில் ஒருவரின் அழுகையைக் கேட்க முடியுமா? இப்போது குணமானவர்களின் பெயர்களையும் செவிலியர் பதிவேட்டிலிருந்து நீக்குவதில்லை. மருந்து இன்னும் 6 மாதமாவது தொடர வேண்டும். நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்.