கீமோ எடுக்கும் நாயின் குடலைக் காப்பது: நாங்கள் கடைப்பிடிக்கும் முறை

நாய்க்கு லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, எந்த ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து) வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை மல மாதிரி எடுத்து வைப்பது. ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ உள்ளே போகும் முன் எடுத்தால்தான் குடல் பாக்டீரியா பற்றி அதில் வரும் எண்ணுக்கு மதிப்பு. போன பிறகு எடுத்தால் அளப்பது மருந்தின் விளைவை. நோயின் விளைவை அல்ல. ஊசி வழி செல் பரிசோதனையோ பயாப்ஸியோ முடியும்வரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கவே கூடாது என்பதற்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. கட்டியை அது தற்காலிகமாகச் சுருக்கி நோயறிதலைக் குழப்பும், பின்னால் வரும் கீமோவுக்கு எதிர்ப்பையும் வளர்க்கும்.

மாதிரி எடுப்பது எளிது. நாய் தானாகக் கழித்த மலத்தில், மண்ணும் புல்லும் படாத நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டு போதும். மூடியுள்ள குப்பியில் போட்டு உடனே குளிரூட்டி, ஐஸ் பொதியோடு அனுப்ப வேண்டும். கேட்க வேண்டிய சோதனை டிஸ்பயாசிஸ் இண்டெக்ஸ், அதாவது குடல் பாக்டீரியா எவ்வளவு குலைந்திருக்கிறது என்று காட்டும் எண். டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழகத்தின் குடல் ஆய்வகம் உருவாக்கி 2017இல் வெளியிட்ட அளவுகோல் இது. பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும்) முறையில் மொத்த பாக்டீரியாவையும் ஏழு குறிப்பிட்ட குழுக்களையும் அளந்து ஒரே எண்ணாகத் தரும். பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 0 முதல் 2 வரை சந்தேக எல்லை, 2க்கு மேல் போனால் குலைவு. அறிக்கையில் மொத்த எண்ணைவிட நாங்கள் முதலில் தேடுவது க்ளோஸ்ட்ரிடியம் ஹிரனோனிஸ் என்ற பாக்டீரியாவின் வரியை (இப்போதைய பெயர் பெப்டாசெட்டோபாக்டர் ஹிரனோனிஸ்). முதல்நிலைப் பித்த அமிலத்தை இரண்டாம்நிலை அமிலமாக மாற்றும் வேலை நாய்க் குடலில் பெரும்பாலும் இதனுடையது. ஈ.கோலை போன்றவற்றை அடக்கி வைப்பது அந்த இரண்டாம்நிலை அமிலம்தான். இது காணாமல் போனால் மற்ற எல்லாம் வரிசையாகச் சரியும்.

இந்த எண் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. லிம்ஃபோமா உள்ள நாய்களில் ஃபீகலிபாக்டீரியம், ஃபியூசோபாக்டீரியம், டூரிசிபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் ஆரோக்கியமான நாய்களைவிடக் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாள்பட்ட குடல் அழற்சியிலும் ஏறக்குறைய இதே படம்தான். நோய் பாக்டீரியாவைக் குலைத்ததா, குலைந்த பாக்டீரியா நோய்க்கு வழி விட்டதா என்பதை ஒரே ஒரு மாதிரியிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. மனிதர்களைப் பற்றிப் படித்ததை அப்படியே நாய்க்குப் பொருத்துவதும் ஆபத்து. மனிதப் பெருங்குடல் கட்டிகளோடு பேசப்படும் ஃபியூசோபாக்டீரியம், நாயில் நல்ல குடலின் அடையாளம். அறிக்கையில் அது அதிகமாக இருப்பதைப் பார்த்து பதறி ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் உண்டு. மனிதரில் இரைப்பைப் புண்ணோடு பேசப்படும் ஹெலிகோபாக்டரும் அப்படித்தான்: ஆரோக்கியமான நாய்களின் இரைப்பையிலேயே சர்வசாதாரணமாக இருக்கும்.

குடல் பாக்டீரியா உண்மையில் கணக்குக்கு வருவது சிகிச்சை தொடங்கிய பிறகு. வழக்கமான சாப் (CHOP) என்ற கூட்டு மருந்து முறையில் வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின் மூன்றும் மாறி மாறி வரும், தொடக்க வாரங்களில் பிரெட்னிசோலோனும் கூடவே போகும். கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்லும் அதில் அடக்கம், குடல் சுவரின் செல்லும், எலும்பு மஜ்ஜையும் அடக்கம். மருந்து ஏறிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வயிற்றுப்போக்கு வரலாம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். டாக்ஸோரூபிசினுக்கு இது 7 முதல் 10 நாள். அந்த நாட்களில் குடல் சுவர் மெலிந்து, காவலும் குறைந்திருக்கும். இரத்தத்தில் நுழைந்து செப்சிஸ் (உயிருக்கு ஆபத்தான தொற்று நிலை) உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நாயின் சொந்தக் குடலில் இருந்த ஈ.கோலை வகையறாதான். மற்ற நாட்களில் பேணிக் காக்கும் அதே கூட்டம், இந்தச் சில நாட்களில் எதிரி. எல்லா முடிவுகளையும் இந்த நாட்காட்டியை வைத்தே எடுக்கிறோம்.

ஆகவே முதல் மருந்துக்கு முன்பே ஒரு நோட்டு வேண்டும். தினமும் மலத்தின் தன்மைக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் (2, 3 நல்லது, 7 என்றால் தண்ணீர்), எத்தனை முறை போனது, பசி, மலக்குடல் வெப்பநிலை. வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அல்லது காய்ச்சல் இல்லாமலே நாய் சோர்ந்து விழுந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மருந்து ஏறிய மூன்று நாட்களுக்காவது மலம், சிறுநீர், வாந்தி எதைத் தொட்டாலும் கையுறை கட்டாயம். மருந்தின் எச்சம் அதில் வெளியேறுகிறது.

மலம் இளகினால் பலரும் முதலில் எடுப்பது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக். நாங்கள் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள். ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் பாக்டீரியா வகைகள் வெகுவாகச் சரிந்தன. நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் எல்லாம் திரும்பவில்லை. அடுத்த கீமோ அதற்குள் வந்துவிடும். நாய் சுறுசுறுப்பாக, காய்ச்சலின்றி, சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எளிதில் செரிக்கும் உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுப்பதும் ஸ்மெக்டைட் களிமண் மருந்தும் போதும். ஸ்மெக்டைட் மற்ற மாத்திரைகளையும் உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பெருங்குடல் வகைப் போக்கு என்றால், அதாவது அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு போனால், இசப்கோல் உமி நன்றாக வேலை செய்யும். சிறிய நாய்க்குக் கால் டீஸ்பூன், பெரியதற்கு ஒரு டீஸ்பூன் என்று தொடங்கி, ஈர உணவில் தண்ணீரோடு கலந்து மெல்லக் கூட்டலாம். உலர்வாகத் தூவினால் மலம் இறுகிப்போகும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மருந்தை, கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற நாய் இனங்களுக்கு, எம்டிஆர்1 (சில மருந்துகளை உடல் கையாளும் விதத்தைத் தீர்மானிக்கும் மரபணு) சோதனை பார்க்காமல் கொடுக்க வேண்டாம். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும்.

ஆன்டிபயாடிக்கே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 1,000க்குக் கீழே இறங்கினால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவர் தடுப்பாக எழுதுவார். அப்போது குடல் கூட்டத்தை நினைத்துத் தயங்கவே கூடாது. 1,500க்கும் கீழே என்றால் அடுத்த கீமோ தள்ளிப்போவது வழக்கம். உயிருள்ள ப்ரோபயாடிக்கையும் எண்ணிக்கை தாழ்ந்திருக்கும் அந்த நாட்களில் நிறுத்திவிடுகிறோம். மலம் வழி மாற்று சிகிச்சை, அதாவது ஆரோக்கியமான நாயின் மலத்தை நோயுற்ற நாயின் குடலில் செலுத்துவது பற்றியும் இதே நிலைப்பாடு. எனிமாவாகக் கொடுக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் மலம் வரை கணக்கு. மலம் கொடுக்கும் நாய்க்கு ஒட்டுண்ணி, பார்வோ வைரஸ், சால்மோனெல்லா, டிஸ்பயாசிஸ் இண்டெக்ஸ் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். நல்ல கருவிதான், ஆனால் அதன் இடம் கீமோ முடிந்து இரத்த எண்ணிக்கை தேறிய பிறகு. பச்சை இறைச்சி உணவை மட்டும் சிகிச்சைக் காலம் முழுக்கவே நிறுத்தச் சொல்கிறோம்.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு விஷயங்கள். பிரெட்னிசோலோனோடு வழக்கத்துக்காகச் சேர்த்து எழுதப்படும் ஒமெப்ரசோல் என்ற அமிலத் தடுப்பு மருந்து குடல் பாக்டீரியாவை மாற்றும். புண்ணோ இரத்தக்கசிவோ இல்லாவிட்டால் அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்றது வைட்டமின் பி12. குடல் சரியாக உறிஞ்சாத நாயில் இது குறையும், லிம்ஃபோமாவில் குறைந்த பி12 மோசமான போக்கோடு சேர்ந்து வருவது. இரத்தத்தில் அளந்து குறைவு என்று தெரிந்தால், வாய்வழி தினசரி அளவு 10 கிலோ வரை 250 மைக்ரோகிராம், 20 கிலோ வரை 500, அதற்கு மேல் 1,000. மூன்று மாதம் கொடுத்து மறுபடி அளக்க வேண்டும்.

டிஸ்பயாசிஸ் இண்டெக்ஸை ஒவ்வொரு சுற்றுக்கும் எடுப்பது பண விரயம். கடைசி ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கீமோவும் ஓய்ந்த பிறகு ஒருமுறை எடுத்தால் போதும். எண் 2க்கு மேலேயே நின்று, க்ளோஸ்ட்ரிடியம் ஹிரனோனிஸும் திரும்பாமல், மலமும் இளகியே இருந்தால் அப்போது மலம் வழி மாற்று சிகிச்சை பற்றிப் பேசலாம். எண் மட்டும் உயர்ந்து நாய் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம்.