192.168.0.1 யார் வீட்டு ஐபி?

திங்கட்கிழமை காலை 9:20. தோளில் இருந்து பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் என் மேசை முன்னால் நான்கு பேர். நெட் வரவில்லை, டேலி திறக்கவில்லை, பிரிண்டர் தெரியவில்லை. 85 பேர் வேலை செய்கிற ஒரே தள ஆபீஸ், சர்வர் ரூம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது ஜன்னல் இல்லாத பழைய ஸ்டோர் ரூம்தான். நேராக அங்கே ஓடிப்போய் விண்டோஸ் சர்வரில், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கொடுக்கிற டிஎச்சிபி சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. சர்வரையே ரீஸ்டார்ட் செய்தேன், அதில் பத்து நிமிடம் போனது. அதுவும் வீண். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதற்கெல்லாம் முன்னால் நெட் வராத ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதற்கு யார் என்ன ஐபி கொடுத்தார்கள் என்று காட்டுகிற ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் கட்டளையை அடித்திருந்தால் முடிந்திருக்கும்.

கடைசியில் அடித்தேன். எங்கள் ஆபீஸில் எல்லா ஐபியும் 10.10.20 என்று தொடங்கும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது 192.168.0.104. டிஎச்சிபி சர்வர் என்கிற வரியில் 192.168.0.1. அதாவது எங்கள் சர்வர் பாவம் ஒன்றும் செய்யவில்லை, வேறு யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு ஐபி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் என்னைக் குழப்பியது, என் கம்ப்யூட்டரில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்ததுதான். நான் அதை அணைப்பதே இல்லை. ஐபி கிடைப்பது லீஸ் என்கிற குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதில் பாதி போனதும் கம்ப்யூட்டர் தனக்கு ஐபி கொடுத்த அதே சர்வரிடம் நேராகப் போய் நீட்டித்துக்கொள்ளும், அதனால் நடுவில் வந்தவன் குரல் அதற்குக் கேட்காது. ஆனால் வெள்ளிக்கிழமை அணைத்துவிட்டுப் போய்க் காலையில் ஆன் செய்தவர்களின் கம்ப்யூட்டர் அப்படியில்லை, என் பழைய ஐபியை வைத்துக்கொள்ளலாமா என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். நெட்வொர்க்கில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்கும் வயர்ஷார்க்கைப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் புது ஆள் முந்திக்கொண்டு 'அந்த ஐபி இங்கே செல்லாது' என்று மறுத்துவிடுவதும், கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஐபி தேடத் தொடங்கியதும் தன் கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுப்பதும் அப்படியே தெரிந்தது. யார் நீ என்று கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 1997-ல் எழுதிய டிஎச்சிபி விதிமுறையான ஆர்எஃப்சி 2131-ஐத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்கிற நம்பிக்கையில்.

ஆளைப் பிடிப்பது சுலபம். அந்தக் கம்ப்யூட்டரிலேயே எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைப் பார்த்து 192.168.0.1-இன் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) எடுத்தேன், எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்சில் அந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தேடினேன், 17 என்றது. சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலில் 17-க்கு ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துவிட்டது (ஒட்டியது நான்தான்), அதனால் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து மீட்டிங் ரூமுக்குப் போனேன். டிவிக்குப் பின்னால் இரண்டு ஆன்டெனாவோடு ஒரு வீட்டு வைஃபை ரவுட்டர். சுவரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான அதன் வேன் போர்ட்டில் செருகியிருந்தால்கூடப் பரவாயில்லை, உள் நெட்வொர்க்குக்கான லேன் போர்ட்டில் செருகியிருந்தார்கள், அதனால்தான் அது ஆபீஸுக்கே ஐபி கொடுக்கத் தொடங்கிவிட்டது.

அக்கவுண்ட்ஸ் அண்ணனுடைய வேலை. "வெள்ளிக்கிழமையே உன்கிட்ட வந்து வைஃபை வரலைன்னு சொன்னேன்ல தம்பி, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு அனுப்பிட்ட. அதான் வீட்டுல சும்மா கெடந்ததக் கொண்டாந்தேன்" என்றார். சொன்னது நிஜம். திட்ட நினைத்து வந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

ரவுட்டரைக் கழற்றி, எல்லோரையும் ஒருமுறை கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னதும் ஆபீஸ் சரியானது. அண்ணன் லேப்டாப் மட்டும் சரியாகவில்லை. அதில் 169.254 என்று தொடங்கும் ஐபி. எந்தச் சர்வரும் பதில் சொல்லாதபோது கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற ஐபி அது. சர்வர் கொடுக்கிற ஐபிகளின் வரம்பான ஸ்கோப்பைத் திறந்தேன். 50 முதல் 249 வரை 200 ஐபி வைத்திருந்தேன், 200-ம் போய்விட்டிருந்தது.

85 பேருக்கு 200 எப்படிப் பற்றாமல் போனது? லேப்டாப்புக்குக் கேபிளில் ஒன்று, வைஃபையில் ஒன்று. போன்தான் பெரிய தின்னி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் மேக் முகவரி காட்டுகின்றன. எங்களிடம் மூன்று வைஃபை பெயர், மூன்றும் ஒரே விலேனில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்து வைக்கிற தனி நெட்வொர்க்). டீ குடிக்க எழுந்து போகிறவரின் போன் ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் சர்வருக்கு அது புது ஆள். லீஸோ விண்டோஸ் சர்வரில் தானாக வருகிற 8 நாள், நான் தொட்டதே இல்லை. போன வாரம் இன்டர்வியூவுக்கு வந்து போனவர்களின் போனுக்குக்கூட இன்னும் இடம் பிடித்து வைத்திருந்தது.

வைஃபையைத் தனி விலேனுக்கு மாற்றி, 1022 ஐபி கிடைக்கிற மாதிரி /22 என்கிற அளவு கொடுத்து, லீஸை 8 மணி நேரமாகக் குறைத்தேன். விலேன் தாண்டிக் கோரிக்கையைச் சர்வருக்கு எடுத்துப் போக ஸ்விட்சில் ரிலே வரி ஒன்று வேண்டும், அதை மறந்து இருபது நிமிடம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டது தனிக் கதை.

அப்புறம், இனி எவரும் ரவுட்டரைச் செருகினாலும் நடக்காதபடி டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டேன். நம்பகமான போர்ட் என்று குறித்த போர்ட்டிலிருந்து மட்டும்தான் ஐபி கொடுக்கும் பதிலை ஸ்விட்ச் உள்ளே விடும். நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். சர்வர் இருக்கிற போர்ட்டை நம்பகமானது என்று குறிக்கவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது மேசை முன்னால் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணன். "தம்பி, இந்தத் தடவை நான் ஒண்ணும் செருகல."