டயாலிசிஸ் மெஷினில் வந்த குளிர்நடுக்கம்

கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால், மெஷின் ஓடும்போது வரும் குளிர்நடுக்கத்தை மலைக்குளிர் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு அது இதய வால்வில் வந்த கிருமித்தொற்று.

கோத்தகிரியில் மார்கழி மாதம். "பனி ஜாஸ்திடா, கம்பளியைப் போத்தினா சரியாயிடும்" என்றுதான் அம்மாவும் சொன்னார். டயாலிசிஸ் சென்டர் நர்ஸ் விடவில்லை. "மெஷின்ல போட்டப்புறம்தாங்கண்ணா நடுங்குறாங்க. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டுத்தான் ஆன்டிபயாடிக் போடணும்" என்றார். கல்ச்சர் என்றால் ரத்தத்தில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. மருந்து முதலில் உள்ளே போய்விட்டால் அதில் கிருமி வளராமலே போகலாம். அப்புறம் எந்தக் கிருமி என்று தெரியாமலே வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிவரும். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

ரிசல்ட்டில் வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கும் கிருமிதான். குழாய் வழியாக ரத்தத்தில் இறங்கிவிட்டால் நல்ல வால்வையே பிடிக்கும். நாள்பட்ட டயாலிசிஸில் சுண்ணாம்பு படிந்த வால்வு என்றால் கேட்கவே வேண்டாம்.

மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குப் போனோம். அங்கே இருதய டாக்டர் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கட்டைவிரல் நகத்துக்கடியில், சிறாய் ஏறியதுபோல ஒரு கருஞ்சிவப்புக் கோடு. காலமெல்லாம் தேயிலை பறித்த கை, அதில் இதை யார் கவனிப்பது? வால்விலிருந்து உடைந்த துணுக்கு சின்ன ரத்தக்குழாயை அடைத்தாலும் இப்படி வருமாம்.

நெஞ்சின் மேல் வைத்து எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி எடுத்த எக்கோவில்தான் மைட்ரல் வால்வில் ஒட்டிக்கொண்டு ஆடும் கிருமிக்கட்டி தெரிந்தது. ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்து முதல் எக்கோ நார்மல் என்று வந்தால், இரண்டாவது எக்கோ வேண்டுமா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

பழைய குழாயை எடுத்துவிட்டார்கள். கிருமி இல்லை என்று வரும்வரை மறுபடி மறுபடி கல்ச்சர். அம்மாவுக்குச் சொன்ன 6 வார ஆன்டிபயாடிக் கணக்கு தொடங்குவதே கல்ச்சர் சுத்தமாக வந்த நாளிலிருந்துதான், மருந்து போட ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல.

அத்தனை வாரம் கோவையில் எப்படித் தங்குவது என்பதுதான் எங்கள் பெரிய கவலை. செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் கைகொடுத்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அந்த மருந்து நெடுநேரம் நிற்கும். அதனால் வாரம் 3 முறை, டயாலிசிஸ் முடியும்போது மெஷின் லைனிலேயே கொடுத்தால் போதும். மருந்துக்கென்று தனிக் குழாய் வேண்டாம். காய்ச்சல் நின்று, எக்கோவும் திருப்தியானதும் மீதி டோஸை மலையிலேயே போட்டார்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகைக் கிருமி என்றால் மருந்தே வேறு.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஊசி குத்தும் அளவுக்கு அது தேறச் சில மாதம்கூட ஆகலாம், அதுவரை புதுக் குழாய்தான். குழாயின் மூடியைத் திறக்கும்போது அம்மாவுக்கும் மாஸ்க், நர்ஸுக்கும் மாஸ்க். குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது. வேறு எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், இந்தக் குழாயில் ட்ரிப் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.