ஓரியூர்ச் செம்மணலில்

தங்கைக்குப் பங்குக் கோயிலில் கல்யாண ஓலை, அதாவது நடக்கப்போகும் திருமணத்தின் அறிவிப்பு, வாசித்துக்கொண்டிருந்த சமயம். "கல்யாணத்துக்கு முன்னாடி அருளானந்தர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துரணும்" என்றார் அம்மா. திருவாடானை வழியாக, புனித அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கல்யாணப் பெண்ணோடு போக இதைவிடப் பொருத்தமான திருத்தலம் இல்லை. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபைக் குருவாக மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி மட்டுமே உண்டு, நம் மக்களுக்கு அருளானந்தர் ஆனார். 1686இல் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தார். பிறகு ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்தார். பல மனைவியர் கொண்ட மறவர் சீமையின் தடியத்தேவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் உறுதியாகச் சொன்னார். தேவரும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் மறவர் சீமை மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அரசகுலத்தவர்தானே என்று கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் உயிர் தப்பியிருக்கும். ஆனால் கத்தோலிக்கருக்குத் திருமணம், இறையருள் தரும் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. மணமக்களே அதை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். குருவானவர் திருச்சபையின் சாட்சியாக நிற்கிறார். சாவு பிரிக்கும்வரை அந்தப் பிணைப்பை யாரும் அவிழ்க்க முடியாது. இதையெல்லாம் தங்கையிடம் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் பட்ட பாட்டையும் நினைத்து அம்மா ஒரு செபமாலை சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சியின் இரத்தம் பட்டுத்தான் அங்கே மணல் சிவந்தது என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. ஒரு பாட்டி அந்த மணலை விரல் நுனியில் தொட்டுப் பேரனின் நெற்றியில் சிலுவை வரைந்தார். மீதியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். பக்கத்தில் ஓர் இந்துக் குடும்பம் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்த வந்திருந்தது.

புனிதர்களையா கும்பிடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆராதனை இறைவன் ஒருவருக்கே. "புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் சொல்கிறோம். இறந்தவர்கள் நம்மை விட்டு அறுந்துபோவதில்லை. விண்ணகத்தில் இருப்பவர்களும் மண்ணில் நடக்கிற நாமும் ஒரே குடும்பம். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அதாவது, அவர் இறைவனோடு இருக்கிறார் என்று உலகத் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தார்.

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் திருப்பலிப் பூசைக்கு உட்கார்ந்தோம். "இது உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்" என்று குருவானவர் அப்பத்தை உயர்த்தினார். மணி ஒலிக்க, கோயில் முழுக்க முழந்தாளிட்டது. அது வெறும் அடையாளம் அல்ல, ஆண்டவரே அங்கு மெய்யாக எழுந்தருளியிருக்கிறார் என்பதே எங்கள் விசுவாசத்தின் உயிர்நாடி. அருளானந்தர் ஊர் ஊராக நடந்ததும் இதை மக்களுக்குக் கொடுக்கத்தான். அந்த அப்பத்தை நற்கருணையாக வாங்கித் திரும்பிய தங்கை வெகுநேரம் முகத்தை மூடி இருந்தாள், நாங்கள் கூப்பிடவில்லை.

ஓரியூர் போகிறவர்கள் மணல் எடுத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். திருப்பலி நேரத்தை முன்னமே விசாரித்துக்கொண்டு போங்கள்.