மீதியில் பாதி

நம் கணக்கு சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி நம் பழைய மாணவர் சங்கத்திலிருந்து வந்தபோது நான் பாடம் நடத்தும் பள்ளியில் இருந்தேன். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது. எழுந்து போக முடியவில்லை. அந்தத் தண்ணீர்த் தொட்டிக் கணக்கே கண்முன் வந்து நின்றது.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. தொட்டியில் 600 லிட்டர் தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு செடிகளுக்கு, மீதியில் பாதி துணி துவைக்க. மிச்சம் எவ்வளவு? நான் 100 லிட்டர் என்று எழுதியிருந்தேன். சார் என் விடைத்தாளை வகுப்புக்கே படித்துக் காட்டினார். சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது தெரியவில்லை. அவர் வகுப்பில் தலை நிமிரவே பிடிக்காமல் போயிற்று.

சில நாள் கழித்து, நோட்டுக் கட்டை ஆசிரியர் அறைக்குத் தூக்கிப் போகும் முறை என்னுடையது. வாசலிலேயே நின்றுவிட்டேன். சாரும் தமிழம்மாவும் ஒரே விடைத்தாளின் மேல் குனிந்திருந்தார்கள். என்னுடையது. தமிழம்மா கணக்கை வாய்விட்டுப் படித்து, ‘மீதியில்’ என்ற சொல்லில் விரலை வைத்தார். "பையனுக்குப் பின்னம் தெரியுது சார். இந்தச் சொல்லைத்தான் தாண்டிப் போறான். மொத்தத்துல பாதின்னு எடுத்துக்கிட்டான். கட்டுரையிலயும் வேற்றுமை உருபை இப்படித்தான் விட்டுடுவான்."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் திருத்த வேண்டிய இடமே வேறயா டீச்சர்?" என்று கேட்டார்.

ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் அப்படிக் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. நானே ஆசிரியராகி இத்தனை வருடம் ஆன பிறகும் அரிதாகத்தான் காண்கிறேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். தமிழம்மா கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கரும்பலகைப் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை; எங்கள் பென்சில் எந்தச் சொல்லில் தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பாடவேளையில் கணக்கு வாக்கியங்களைப் பிரித்துப் படித்தோம். "பாதின்னா எதுல பாதி?" என்று கேட்காமல் யாரையும் விடமாட்டார். அதே கணக்கை நோட்டில் மறுபடி போட்டேன். 200 லிட்டர். அந்தப் பக்கத்தில் இரண்டு மை இருந்தது: சாரின் சிவப்பு ‘சரி’, ‘மீதியில்’ என்பதற்குக் கீழே தமிழம்மாவின் பச்சைக் கோடு.

ஜப்பானில் இதற்கு ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர் உண்டு, நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம் என்று வெளிநாடு வந்த பிறகுதான் அறிந்தேன். ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, பிறகு பேசித் திருத்துவார்கள். அமெரிக்காவில் 47 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரையும், ஆசிரியர்கள் கூடுதலாகச் சேர்ந்து வேலை செய்த பள்ளிகளில் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் மேலாக இருந்ததைக் காட்டியது. ஆனால் சும்மா கூட்டம் போட்டால் போதாது. சுற்றறிக்கையையும் தேர்வு அட்டவணையையும் பேசிவிட்டுக் கலைகிற கூட்டங்களில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றால் ஒரு பிள்ளைக்கும் எதுவும் விளங்கியதில்லை. மேசை நடுவே ஒரு பிள்ளை எழுதிய தாள் இருக்க வேண்டும். ‘எனக்குப் புரியவில்லை’ என்று முதலில் சொல்ல ஒருவருக்கு மனம் வர வேண்டும். சாருக்கு வந்தது.

தமிழம்மா முன்பே போய்விட்டார். வாசலில் நின்று நான் கேட்டது இருவருக்கும் தெரியாது. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் சொல்லலாம் என்று நினைப்பேன். நாட்கள் போதாமல் அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுவேன். அந்த நோட்டையும், கிளம்பிய அன்று பெட்டி எடை கூடுகிறது என்று வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.